சுங்குடிக் கடை ஸ்டாக் ஆப்: போட்டிருக்கிற ஃபில்டரை எங்கே காட்டுவது?

அரசரடி

விளக்குத்தூண் பக்கம் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு சுங்குடிக் கடைக்கு, ஸ்டாக் பார்க்கும் வெப் ஆப் ஒன்றைப் பராமரிக்கிறோம். கட்டியது வேறு ஆட்கள், இப்போது எங்கள் கைக்கு வந்திருக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டேப் (டேப்லெட்) ஸ்டாண்டில் நிற்கும். அந்த நேரத்தில் யார் கை ஓய்வாக இருக்கிறதோ அவர் தேடிச் சொல்வார்.

ரகம், உடல் நிறம், பார்டர், கவுண்ட் (நூல் எவ்வளவு சன்னம் என்ற எண்), விலை, இருப்பு என்று ஃபில்டர் வகைகள். வலது மேல் மூலையில் உள்ள பட்டனைத் தொட்டால் பக்கவாட்டில் ஒரு பேனல் திறக்கும். டிக் போட்டுவிட்டு 'காட்டு' என்றதும் மூடிக்கொள்ளும். அப்புறம் திரையில் மிஞ்சுவது 'ஃபில்டர் (3)' மட்டும்தான். எந்த மூன்று என்று தெரிய வேண்டுமென்றால் பேனலை மறுபடி திறந்து, ஒவ்வொரு வகையாக விரித்துப் பார்க்க வேண்டும்.

போன வாரம் திருநெல்வேலியிலிருந்து வழக்கமாக வரும் வியாபாரி ஒருவர் அரக்கு நிறத்தில் 80 கவுண்ட் கேட்டிருக்கிறார். கடைப் பையன் தேடியிருக்கிறான், 'சேலைகள் இல்லை' என்று வந்திருக்கிறது. 'இல்லண்ணே' என்று சொல்லி அனுப்பிவிட்டான். மாடியில் கட்டுக்கட்டாக இருந்திருக்கிறது! அவனுக்கு முன்னால் வேறொருவர் '500 ரூபாய்க்குள்' என்று போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போயிருந்தார்.

போட்டிருக்கிற ஃபில்டர்களை ரிசல்ட்டுக்கு மேலே சிப்களாக (× போட்ட சின்னப் பெயர்ப் பெட்டிகளாக) காட்ட வேண்டும் என்பது என் கட்சி. கூட வேலை பார்ப்பவர் 'இடம் போகும், எண் போதும்' என்கிறார். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

இலந்தைகுளம்_காரன்

உங்கள் கூட்டாளி சொல்வதில் நியாயம் இருக்கிறது. டேப்பில் பரவாயில்லை. அதே ஆப்பை முதலாளி போனில் திறப்பாரா, இல்லையா? மேலே தலைப்பு, அதற்குக் கீழே தேடல் பெட்டி, அதற்குக் கீழே சிப் வரிசை என்றால் முதல் சேலையே திரையின் பாதிக்குக் கீழேதான் ஆரம்பிக்கும். தமிழில் ஒவ்வொரு சிப்பும் வேறு நீளம். 'மயில் கழுத்து', 'மாம்பழ மஞ்சள்' என்று இரண்டு நிறம் போட்டாலே ஒரு வரி காலி.

ஃபில்டர் போட்டவருக்கு என்ன போட்டோம் என்று தெரியாதா? எண் ஒரு நினைவூட்டல். சந்தேகம் வந்தால் திறந்து பார்க்கட்டும்.

பசுமலை

> ஃபில்டர் போட்டவருக்கு என்ன போட்டோம் என்று தெரியாதா?

தெரியும். ஆனால் அங்கே போட்டவர் ஒருவர், பார்த்தவர் இன்னொருவர். அரசரடி சொன்ன கதையே அதுதானே? நம்மில் பலர் ஒரு ஆளுக்கு ஒரு போன் என்று மனதில் வைத்தே திரை வரைகிறோம். மதுரையில் கடை, கிளினிக், டிராவல்ஸ் ஆபீஸ் எங்கே போய்ப் பார்த்தாலும் ஒரே கணினியில் நாலு பேர் கை வைக்கிறார்கள். லாக்-அவுட் செய்வார்கள் என்று எதிர்பார்ப்பதெல்லாம் வீண்.

ஒருவரே உட்கார்ந்து தேடினாலும் நடுவில் போன் வரும், பில் போட எழுந்து போவார், திரும்பி வரும்போது பாதி மறந்திருக்கும். திரை வடிவமைப்பு நிபுணர் யாகோப் நீல்சன் 1994ல் வெளியிட்ட பத்து விதிகளில் முதல் விதியே, கணினி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது ஆளுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான். அதே பட்டியலில் இன்னொன்றும் உண்டு: நினைவில் வைத்திருக்கச் சொல்லாதே, கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி வை. '(3)' இரண்டிலும் தேறாது. ஏதோ இருக்கிறது என்கிறது, என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை.

எக்செலைப் பாருங்கள். அதில் ஃபில்டர் போட்டால் அந்தப் பத்தியின் தலைப்பில் புனல் படம் வரும், வரிசை எண்கள் நீலமாகும், கீழே 340ல் 12 என்பது போல எத்தனையில் எத்தனை என்று வரும். மூன்று இடத்தில் சொல்லியும் நம் ஆட்கள் 'பாதி டேட்டாவைக் காணோம்' என்று மெயில் போடுகிறார்கள். நீங்கள் ஒரே ஒரு எண்ணை நம்பச் சொல்கிறீர்கள்.

கல்லாப்பெட்டி

நான் நிரல் எழுதுபவன் இல்லை. தெற்கு மாசி வீதியில் ஜவுளிக் கடையில் இருக்கிறேன், இங்கே படிப்பதோடு சரி. இதில் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும்.

அந்த (3) மாதிரி எண்ணை எங்கள் கடையில் யாரும் ஃபில்டர் என்று எடுத்துக்கொள்வதே இல்லை. வாட்ஸ்அப்பில் வருகிற மாதிரி, ஏதோ படிக்காத மெசேஜ் மூன்று இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். ஒரு பெண் பிள்ளை அதை 'மூணு ஆர்டர் வந்திருக்கு' என்றே நினைத்திருந்தது.

இன்னொன்று. 'இல்லை' என்று வந்தால் எதனால் இல்லை என்று சொல்லுங்கள், சார். சரக்கே இல்லையா, நாங்கள் கேட்ட விதம் தப்பா? கஸ்டமர் எதிரில் நிற்கும்போது அதைக் கண்டுபிடிக்க உட்கார முடியாது.

பசுமலை

கல்லாப்பெட்டி அண்ணன் சொன்ன கடைசி விஷயம்தான் சிப்பை விட முக்கியம், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பூஜ்யம் வரும் திரையில் 'சேலைகள் இல்லை' என்ற வரியை எடுத்துவிடுங்கள். இப்படி வரட்டும்:

'அரக்கு, 80 கவுண்ட், ரூ.500க்குள்: மூன்றும் சேர்ந்த சேலை இல்லை.
ரூ.500க்குள் என்பதை நீக்கினால் 46 சேலைகள்.
80 கவுண்ட் என்பதை நீக்கினால் 9 சேலைகள்.'

ஒவ்வொரு வரியும் தொடக்கூடியதாக இருக்க வேண்டும். சர்வரில் ஃபில்டருக்கு ஒன்று வீதம் கூடுதலாக எண்ணிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பூஜ்யம் வந்தால் மட்டும்தானே, சுமை பெரிதாக இருக்காது. அந்தப் பையன் கண்ணில் இது பட்டிருந்தால் திருநெல்வேலிக்காரர் வெறுங்கையோடு போயிருக்க மாட்டார்.

அடுத்து சிப். இடம்: ரிசல்ட் எண்ணிக்கைக்குப் பக்கத்தில். '46 சேலைகள்' என்று படிக்கிற கண், அதே வீச்சில் எதன்படி 46 என்பதையும் படிக்க வேண்டும். ஃபில்டர் பட்டனுக்குப் பக்கத்தில் வைத்தால் அது பட்டனின் அலங்காரமாகிவிடும். பேனலுக்குள் டிக் இருந்த இடத்தில் டிக்கும் அப்படியே இருக்கட்டும். இணையக் கடைகளை ஆராயும் பேமார்ட் நிறுவனமும் இரண்டு இடத்திலும் காட்டச் சொல்கிறது. மேலே எடுத்துவிட்டோமே என்று பட்டியலிலிருந்து தூக்கிவிடும் ஆப்கள் இருக்கின்றன. அதில் அரக்கோடு வாடாமல்லியையும் சேர்க்கலாம் என்று போனால், அரக்கு எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, ஆப் தானாகப் போட்டிருக்கும் ஃபில்டர். 'இருப்பில் உள்ளவை மட்டும்' என்பது உங்கள் ஆப்பில் முன்கூட்டியே டிக் ஆகியிருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். ஆள் போடாததால் அதை எண்ணிக்கையில்கூடச் சேர்க்க மாட்டார்கள். அதையும் சிப்பாகக் காட்டுங்கள். நிரல்களை வைக்கும் கிட்ஹப் தளத்தில் இஷ்யூ (குறைகளின் பட்டியல்) பக்கத்தைத் திறந்தாலே தேடல் பெட்டியில் 'ஓபன்' ஆனவை மட்டும் என்ற நிபந்தனை எழுத்தாக நிற்கும், பார்த்திருப்பீர்கள். நாம் கேட்காமல் அது போட்டதுதான், ஆனால் ஒளித்து வைக்கவில்லை.

அரசரடி

பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். 'இருப்பில் உள்ளவை' டிக் ஆகித்தான் இருக்கிறது, எண்ணிக்கையில் இல்லை.

ஒரு சிக்கல். எங்கள் ஆப்பில் ஒரே வகைக்குள் இரண்டு டிக் போட்டால் 'அல்லது', வெவ்வேறு வகை என்றால் 'மற்றும்'. பல ஆப்களிலும் அப்படித்தான். ஆனால் சிப்களை வரிசையாக 'அரக்கு ×  வாடாமல்லி ×  80 கவுண்ட் ×' என்று வைத்து ஒரு மாதிரி காட்டினேன். கடைக்கார அம்மா பார்த்ததும் கேட்டது: 'அரக்கு உடம்பு, வாடாமல்லி பார்டரா?' சுங்குடியில் அப்படி ஒரு சேலை நிஜமாகவே உண்டு, அதுதான் தொல்லை.

பசுமலை

அப்போது வகைப் பெயர் சிப்போடு வந்தே ஆக வேண்டும். 'உடல் நிறம்: அரக்கு × அல்லது வாடாமல்லி ×' என்று ஒரே கூட்டுக்குள் இரண்டையும் வையுங்கள், தனித்தனியே நீக்கும்படி. அடுத்த கூடு '80 கவுண்ட் ×'. கவுண்டுக்கு வகைப் பெயர் தேவையில்லை, மதிப்பிலேயே இருக்கிறது. விலைக்கும் 'ரூ.' இருந்தால் போதும். மதிப்பைத் தனியாகப் பார்த்தால் எதைப் பற்றியது என்று புரியாத வகைகளுக்கு மட்டும் பெயர் போடுங்கள். இலந்தைகுளத்தாரின் இடக் கவலையும் பாதி தீரும்.

கேட்டுப்படிப்பவன்

எனக்குப் பார்வை இல்லை. போனில் டாக்பேக், கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான்களை வைத்து வேலை செய்கிறேன். சிப் வரிசை எனக்கும் வேண்டும், ஆனால் பெரும்பாலும் செய்யும் விதம் சரியில்லை.

அந்த '×' குறியைத் தனி பட்டனாக வைத்து, பெயர் கொடுக்காமல் விட்டுவிடுகிறீர்கள். எனக்கு 'டைம்ஸ், பட்டன். டைம்ஸ், பட்டன். டைம்ஸ், பட்டன்' என்று கேட்கும். எந்த டைம்ஸ் எதை நீக்கும்? பட்டனின் பெயரே 'உடல் நிறம் அரக்கு, நீக்கு' என்று இருக்கட்டும். அதில் ஏரியா-லேபல் (திரைவாசிப்பான் படிக்கும் பெயர்) போட ஒரு நிமிடம் ஆகுமா?

பட்டனை அழுத்தியதும் அந்தச் சிப் பக்கத்திலிருந்தே மறைந்துவிடும். ஃபோகஸ் (திரையில் நான் நிற்கும் இடம்) அதன் மேல் இருந்ததால் ஃபோகஸுக்கு நிற்க இடமில்லாமல் பக்கத்தின் உச்சிக்குப் போய்விடும், நான் முதலிலிருந்து நடந்து வர வேண்டும். அடுத்த சிப்புக்கு ஃபோகஸை நகர்த்துங்கள். அது கடைசிச் சிப் என்றால் ரிசல்ட் தலைப்புக்கு.

நீக்கியதும் எண்ணிக்கை மாறியது எனக்குத் தெரிய வேண்டும். எல்லோரும் அணுகும்படி இணையப் பக்கம் செய்வதற்கான டபிள்யூசிஏஜி விதித் தொகுப்பின் 2.1 பதிப்பில், 2018லேயே, 4.1.3 என்ற விதியாக இது வந்துவிட்டது: நிலை மாறினால் ஃபோகஸை இழுக்காமல் அறிவிக்க வேண்டும். 'ரோல் ஸ்டேட்டஸ்' (மாறினால் வாசி என்ற குறிப்பு) போட்ட ஒரு பகுதியில் '46 சேலைகள்' என்று எழுதினால் படித்துவிடும். அந்தப் பகுதி பக்கம் திறக்கும்போதே காலியாக இருக்க வேண்டும், பிறகு உள்ளே எழுத்து வர வேண்டும். எழுத்தோடு சேர்த்துப் புதிதாக நட்டால் பல நேரம் வாசிக்காது.

பார்வை உள்ளவர்களுக்கும் ஒன்று: 2023ல் வந்த 2.2 பதிப்பில் தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் என்று இருக்கிறது. கடைக்காரர் விரலுக்கு அதுவே சின்னது. சிப் முழுவதையும் தொடும் இடமாக வைத்துவிடுங்கள்.

சின்ன_சொக்கிகுளம்

தமிழ் எழுத்து பற்றி யாரும் பேசவில்லையே.

சிப்பின் உயரத்தை ஆங்கில எழுத்துக்குப் பார்த்து இத்தனை பிக்சல் என்று கட்டிப்போடுகிறார்கள், அதில் ஓவர்ஃப்ளோ ஹிட்டன் (வெளியே மிஞ்சுவதை மறைப்பது) வேறு. 'கூ', 'ழு', 'து' ஆகியவற்றின் கீழ்ச் சுழி வெட்டுப்படும், மேலே புள்ளியும் 'ி' கொக்கியும் விளிம்பில் இடிக்கும். உயரத்தை விட்டுவிடுங்கள். லைன்-ஹைட்டை 1.5 பக்கம் வைத்து, மேலும் கீழும் பேடிங் கொடுத்தால் தானாக உட்காரும்.

நீளமான பெயரை ஜாவாஸ்கிரிப்டில் ஸ்லைஸ் போட்டு வெட்டாதீர்கள். 'மயில் கழுத்து' என்பதை எட்டில் வெட்டினால் 'மயில் கழ…' என்று வரும். 'ழு'வில் 'ு' தனிக் குறியீடு என்பதால் அதை மட்டும் அறுத்துப் போட்டுவிடும். வெட்டியே தீர வேண்டும் என்றால் உலாவியிலேயே இருக்கும் இன்ட்ல்.செக்மென்ட்டர் எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கும், ஃபயர்ஃபாக்ஸிலும் 2024ல் வந்துவிட்டது. ஆனால் சிப்பில் எதற்கு வெட்ட வேண்டும்? என்ன ஃபில்டர் என்று சொல்லத்தானே அது அங்கே இருக்கிறது.

போனில் இடம் போதாவிட்டால் மடங்கி இரண்டு வரியாகட்டும். பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கிற ஒற்றை வரி வேண்டாம். வலது ஓரத்துக்கு வெளியே போன சிப், பேனலுக்குள் ஒளிந்த டிக் மாதிரிதான்.

இலந்தைகுளம்_காரன்

மடங்கினால் மூன்று வரிகூட ஆகும். நான் செய்வது: இரண்டு வரி வரை மடங்கும், அதற்கு மேல் போனால் 'இன்னும் 2' என்று ஒரு பட்டன். ஒற்றை வரிதான் என்றால் கடைசிச் சிப் பாதி தெரியும்படி வெட்டுப்பட வேண்டும், அப்போதுதான் தள்ளத் தோன்றும். மற்றபடி எண் போதும் என்று சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, கல்லா டேப்புக்கு மட்டும் போதாது என்று திருத்திக்கொள்கிறேன்.

சிப்பை விட எனக்கு முக்கியம் யூஆர்எல் (பக்கத்தின் முகவரி). ஃபில்டர்கள் முகவரியில் இருந்தால் பேக் பட்டன் வேலை செய்யும். கடையில் பார்த்ததை அப்படியே வாட்ஸ்அப்பில் மேலூர் வியாபாரிக்கு அனுப்பலாம், அவர் திறந்தாலும் அதே சிப், அதே சேலை. டிக் ஒவ்வொன்றுக்கும் புஷ்ஸ்டேட் (உலாவி வரலாற்றில் புதுப் பதிவு) போடாதீர்கள், பேக்கை அழுத்தி அழுத்திக் கை வலிக்கும். 'காட்டு' என்றால் ஒரு தடவை புஷ், விலைக் கம்பியை இழுக்கும்போது ரீப்ளேஸ் (இருக்கிற பதிவையே மாற்றுவது). முகவரியில் தமிழை நேரடியாகப் போடவும் வேண்டாம். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் மூன்று பைட், பைட்டுக்கு சதவீதக் குறியோடு மூன்று எழுத்து. 'அரக்கு' என்ற ஒரு சொல் 54 எழுத்தாக நீளும். நிறத்துக்கு ஒரு சின்னக் குறியீடு வைத்துக்கொண்டு, சிப்பில் மட்டும் தமிழ்ப் பெயரைக் காட்டுங்கள்.

நேற்று போட்ட ஃபில்டர் இன்று காலையும் நிற்கிறதா? லோக்கல் ஸ்டோரேஜில் (உலாவியின் சொந்தச் சேமிப்பில்) சேமித்திருப்பார்கள், பாருங்கள். பொது டேப்பில் அது கூடவே கூடாது.

பழைய_நூலகர்

தம்பிமார்களே, ஓய்வு பெற்ற நூலகர் நான். நீங்கள் 'வகை' என்று பேசுகிற இந்த ஏற்பாட்டுக்கு எங்கள் துறையில் வேர் இருக்கிறது. சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1933ல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல், அதன் பல முகங்களைத் தனித்தனியே குறித்துப் பிறகு கோப்பது அந்த முறை. பெருமைக்குச் சொல்லவில்லை, உங்களுக்கு உதவும் ஒன்று அதில் இருக்கிறது: முகங்களைக் கோக்கும் வரிசை. எந்த நூலானாலும் பொருள் முன்னே, இடமும் காலமும் பின்னே. வரிசை மாறினால் நூல் அலமாரியில் வேறெங்கோ போய்விடும்.

உங்கள் சிப்கள் எந்த வரிசையில் வரும்? டிக் போட்ட வரிசையிலா, நிலையான வரிசையிலா?

பசுமலை

ஐயா, நல்ல கேள்வி. பொதுவாகப் போட்ட வரிசையில்தான் சேர்த்துக்கொண்டே போவார்கள். ஒருவரே போட்டு ஒருவரே பார்த்தால் அது சரி, கடைசியாகப் போட்டது கடைசியில் இருக்கும், நீக்கச் சுலபம். இந்த டேப்புக்கு உங்கள் வழிதான் பொருந்தும் என்று தோன்றுகிறது. ரகம், நிறம், பார்டர், கவுண்ட், விலை, இருப்பு என்று எப்போதும் அதே வரிசை. புதிதாக வந்து பார்ப்பவருக்கு விலை எந்தப் பக்கம் இருக்கும் என்று கண் பழகிவிடும்.

கல்லாப்பெட்டி

ரகம், நிறம், அப்புறம் விலை என்றுதான் கஸ்டமரும் கேட்பார்கள். கவுண்ட் வியாபாரி மட்டும்தான் கேட்பார். அந்த வரிசையே சரி.

அரசரடி

நிலையான வரிசை, மடங்கும் சிப், பூஜ்யத் திரை, எல்லாம் போட்டு ஒரு மாதிரி கொடுத்திருக்கிறேன். கூட்டாளியும் சமாதானமாகிவிட்டார். இப்போது சண்டை 'எல்லாவற்றையும் நீக்கு' பட்டனில். கடைசிச் சிப்புக்கு ஒட்டினாற்போல் இருப்பதால் கை தவறித் தட்டிவிடுகிறார்கள். 'நிச்சயமாகவா?' என்று கேட்கும் பெட்டி போடலாமா? அப்புறம், அது தேடல் பெட்டியில் அடித்த சொல்லையும் அழிக்க வேண்டுமா?

பசுமலை

கேள்விப் பெட்டி வேண்டாம். படிக்காமலே 'ஆம்' அழுத்தப் பழகிவிடுவார்கள். நீக்கிய பிறகு அதே இடத்தில் 'திரும்பக் கொண்டுவா' என்று ஒரு பட்டன் நிற்கட்டும், அடுத்த தேடல் வரை. சில விநாடியில் மறையும் பட்டியாக வைக்காதீர்கள், அதற்குள் கஸ்டமர் கேள்வி கேட்டுவிடுவார். பட்டனைச் சிப் மாதிரி வரையாமல் வெறும் எழுத்தாக, வரியின் வலது ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள். ஒரே ஒரு சிப் இருக்கும்போது அந்தப் பட்டனே தேவையில்லை.

தேடல் சொல்லை அழிக்கக் கூடாது. அது பெட்டியிலேயே கண்ணுக்குத் தெரிகிறது, அதற்கென்று × இருக்கிறது. ஆனால் கல்லா டேப்புக்கு 'அடுத்த கஸ்டமர்' என்று தனி பட்டன் வையுங்கள். அது சொல், ஃபில்டர், வரிசைமுறை எல்லாவற்றையும் துடைத்துப் போடட்டும்.

கல்லாப்பெட்டி

'அடுத்த கஸ்டமர்' இருந்தால் நாங்கள் அதைத்தான் அழுத்துவோம். 'விலை குறைவு முதல்' என்று போட்டால் அதற்கும் சிப் வருமா?

இலந்தைகுளம்_காரன்

வராது, அண்ணே. அது எந்தச் சேலையையும் மறைப்பதில்லை, முன்னே பின்னே மாற்றுகிறது, அவ்வளவுதான். எண்ணிக்கைக்கு எதிர்ப்பக்கம் தனியாக இருக்கும். சிப் என்றால் இதனால் ஏதோ மறைந்திருக்கிறது என்று மட்டுமே அர்த்தமாக வேண்டும்.

அரசரடி

அப்படியென்றால் கிளை? விளக்குத்தூண் கடையின் லாகினில் வில்லாபுரம் குடோன் சரக்கு வராது. அது சேலையை மறைக்கிறது, ஆனால் கடைப் பையன் அதை நீக்க முடியாது.

கேட்டுப்படிப்பவன்

× இல்லாமல், பட்டனாகவும் இல்லாமல், வெறும் எழுத்தாக எண்ணிக்கையோடு சேர்த்து எழுதுங்கள்: 'விளக்குத்தூண் கடையில் 46 சேலைகள்'. ஸ்டேட்டஸ் பகுதியிலும் அதே வரியே வரட்டும், எனக்கும் கேட்கும்.

அரசரடி

சரி, அந்த வரியில் குடோன் இருப்பு எத்தனை என்பதையும் பக்கத்தில் போட முடியுமா என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். குடோன் கணக்கு வேறு மென்பொருளில் இருக்கிறது. அதற்குத் தனி இழை போடுகிறேன்.